முப்பது எண்ணும் வரை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் கெடுக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குத் தொண்டை கிழியச் சொன்னேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் கழித்தும் ஏதாவது கல்யாண வீட்டில் பேச்சு வந்தால், "இவ சின்னதுல கம்ப்யூட்டரைப் போட்டு உடைச்சவளாக்கும்" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபின் வாங்கிய முதல் பெரிய பொருள் அந்தக் கம்ப்யூட்டர்தான். எனக்காக வாங்கியது என்று ஆறாம் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அது சித்தப்பாவுக்காக வந்தது. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு ஒன்று ராணுவம், இல்லை போலீஸ். சித்தப்பா இரண்டுக்கும் போய், இரண்டிலும் மார்பளவு போதாது என்று திரும்பி வந்தவர். பிறகு ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்தார். அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து, தாத்தாவின் ராணுவப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சிநேகிதரிடம் அப்பா பேசியும் வைத்திருந்தார். திங்கட்கிழமை வரட்டும், கெட்டுப்போன ஒரு மிஷினைக் கொடுக்கிறேன், அதை ஓட வைத்துவிட்டால் வேலை என்று அவர் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் எங்கள் மிஷின் படுத்தது. புரட்டாசி மாதம், நாளுக்கு நாலு தடவை கரண்ட் போய் வந்துகொண்டிருந்த சமயம். நான் அதில் பெயிண்ட் புரோகிராமில் ஒரு பஸ் வரைந்துகொண்டிருந்தேன். கடைசி ஜன்னலுக்கு நீலம் பூசும்போது கரண்ட் போனது. உடனே வந்தது. வந்த வேகத்தில் மறுபடி போனது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் ஒழுங்காக வந்தபோது ஸ்டெபிலைசரில் விளக்கு எரிந்தது, ஆனால் கம்ப்யூட்டரில் அசைவே இல்லை. பட்டனை அமுக்கினால் ஃபேன் கூடச் சுற்றவில்லை.

"ஏட்டி, கரண்டு போகையில என்னத்தைப் போட்டு அமுக்குன?" என்றார் அப்பா.

நான் எதையும் அமுக்கவில்லை. கரண்டை நிறுத்தியதும் நானில்லை. சேமித்து வைக்காத என் பஸ்ஸும் அதோடு போனது, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சித்தப்பா மட்டும் டாக்டர் போல மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைக கை பட்டா எம்புட்டு நாளைக்குத் தாங்கும்ணே?" என்றார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. இனிமேல் அந்த அறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. சாட்சி கிடையாது, மறுவிசாரணை கிடையாது.

எனக்கு ஒன்று தெரியும். எங்கள் பள்ளிக்கூட லேபில் கரண்ட் போய் வந்தால் மூலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் இதே போல முரண்டு பிடிக்கும். வருகைப் பதிவில் கடைசிப் பெயர் என்னுடையது, அதனால் மூலை மிஷின் எனக்குத்தான். டீச்சர் வந்து ஒயரைப் பிடுங்குவார். உள்ளே மிச்சக் கரண்ட் நிற்கிறது, அது வடிய வேண்டும் என்பார். நான் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, வகுப்பே சேர்ந்து முப்பது வரை எண்ணும். பிறகு ஒயரைச் சொருகினால் ஓடும்.

இதைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை மூன்று தடவை வாசற்படியில் போய் நின்றேன். மூன்று தடவையும், "சித்தப்பா, எங்க ஸ்கூல்ல..." என்பதற்கு மேல் என்னை அவர் பேச விடவில்லை. "போ அங்கிட்டு, உன்னாலதான் இம்புட்டும்" என்று விரட்டினார். மிஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, அம்மாவின் பவுடர் பஃப்பால் தூசி தட்டினார். ரேமைப் பிடுங்கி, அதைத் தேய்க்க ரப்பர் வேண்டும் என்று என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பரை எடுத்துக்கொண்டார். நான் முகர்ந்து பார்க்க மட்டும் வைத்திருந்த ரப்பர் அது, ஒரு எழுத்தைக் கூட அதனால் அழித்ததில்லை. சாயங்காலம் கருத்துப்போன ஒரு துணுக்கு மட்டும் மேஜையில் கிடந்தது. அந்த ரப்பருக்காக எனக்கு இப்போதும் கோபம் வரும், அதை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை.

ஒயரை மட்டும் அவர் தொடவில்லை. லூஸ் கனெக்‌ஷன் ஆகிவிடக் கூடாது என்று அப்பா அதை ஸ்டெபிலைசரோடு சேர்த்துக் கருப்பு டேப்பால் ஐந்து சுற்றுச் சுற்றியிருந்தார். அப்பா கட்டியதை அவிழ்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. "வீட்டு மிஷினையே எழுப்ப முடியலேன்னா அங்கன போய் தம்பி என்னத்தை எழுப்பப் போறாவ?" என்று அம்மா அடுக்களையில் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலை பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். புரட்டாசிச் சனிக்கு மலையேறுவதற்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பவள். கம்ப்யூட்டரைக் கெடுத்தவளுக்குப் பெருமாள் எதற்கு என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். செய்யாத குற்றத்துக்குச் சாமியையும் பிடுங்கிக்கொண்டால் ஒரு பிள்ளை வேறென்ன செய்யும்? மத்தியானம் சித்தப்பா பின்கட்டில் குளிக்கப் போனதும் தடை செய்யப்பட்ட அறைக்குள் நேராக நுழைந்தேன்.

டேப் நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தேன். ஒயரைப் பிடுங்கி, பட்டனை இரண்டு கட்டை விரலாலும் அமுக்கிக்கொண்டு எண்ணினேன். இருபத்தெட்டில் எண்ணிக்கை சந்தேகமாகி, முதலிலிருந்து எண்ணினேன். ஒயரைச் சொருகிப் பட்டனைத் தட்டியதும் ஃபேன் சுற்றியது. திரையில் எழுத்துகள் ஓடின. நான் கத்திய கத்தலில் சித்தப்பா தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

"நான்தான் சரி பண்ணுனேன்" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், தரையில் கிடந்த டேப்பைப் பார்த்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் வண்டி வந்து நின்றது.

நெற்றியில் நாமத்தோடு உள்ளே வந்த அப்பா, ஓடுகிற கம்ப்யூட்டரையும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியையும் பார்த்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "ஏலே, எழுப்பிட்டியே!" என்று சித்தப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். சித்தப்பா ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ரேம்லதாண்ணே தூசி. செத்த நேரம் காயப் போட்டேன், பொறவு வந்துருச்சு."

பச்சைப் பொய். நான் குதித்தேன், நான்தான் நான்தான் என்று கத்தினேன், சாட்சியாக டேப்பை நீட்டினேன். "இதை எதுக்குடி பிச்ச?" என்று அப்பா தலையில் குட்டு வைத்தார். அம்மா கோயில் துளசியை முதலில் சித்தப்பாவுக்குக் கொடுத்தாள். மிச்சம்தான் எனக்கு. நான் வாங்கவில்லை.

மறுநாள் நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ரப்பர் இல்லாததால் தப்பையெல்லாம் அடித்து அடித்து எழுத வேண்டியிருந்தது. சித்தப்பா வந்து என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். கையில் சென்டரில் கொடுத்த நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் இருந்தன.

"பாப்பா, ஒயரைக் கழட்டுனது தெரியுது. பொறவு என்ன செஞ்ச?"

"நீங்கதான சரி பண்ணுனீங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

"நாளைக்கு எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "ரப்பர் வாங்கித் தாரேன்" என்றார்.

"எனக்கு வேண்டாம்" என்று மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பெரிய மனிதரைக் குத்தவைத்து உட்காரவைத்த சந்தோஷம் எனக்கு. அவர் நோட்டை மூடிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ராஜபாளையம் போனவர் மத்தியான பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அப்பா, வீடு அதிரச் சொன்னார். கொடுத்த மிஷின் கரண்ட் போய் வந்ததில் படுத்த மிஷின்தானாம். அந்த மாதம் கடைக்கு வந்ததில் பாதி அப்படித்தானாம். இவர் ஒயரைக் கழட்டி மாட்டிவிட்டு, காலை முழுக்க ரேமை ரப்பரால் தேய்த்துக்கொண்டு இருந்தாராம். கடைசியில் கடைக்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அமுக்கிப் பிடித்தாராம், ஓடிவிட்டதாம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பெருமாள் மலையிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். இன்னும் அந்த வேலைதான். லேமினேட் செய்த சான்றிதழ் சுவரிலிருந்து பரணுக்குப் போனது, கம்ப்யூட்டர் முழுசாக என் கைக்கு வந்தது. அவர் ராஜபாளையம் போய் வந்த திங்கட்கிழமையே என் ஜாமெட்ரி பாக்ஸில் புது ஸ்ட்ராபெர்ரி ரப்பர் ஒன்று இருந்தது. செய்ததற்கு அபராதம் கட்டிவிட்டார் என்று எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

அவர் விட்டுவிட்டுப் போன நோட்டு மேஜையடியில் கிடந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் தேடியபோது எடுத்தேன். எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில், 'கரண்ட் போய் வந்து ஓடாவிட்டால்' என்று தலைப்பு. கீழே, '1. ஒயரைக் கழட்டணும்.' அதற்கும் கீழே, '2.' என்று மட்டும் இருந்தது. எழுத மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, மிச்சமிருந்த இடத்தில் என் கணக்கைப் போட்டேன்.