கச்சிதமான உடுப்பு

பெற்றோர் வைத்த பெயரைப் பள்ளிக்கூட வாத்தியாரோடு விட்டுவிட்டு வந்தவன் அவன். ஊருக்கு ஒட்டடைக்குச்சி. அக்காவின் தையல் கடையில் இஸ்திரி போட்டான். ஒருமுறை மாப்பிள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவத்தையும் பதித்துவிட்டான். அந்த மனிதர் கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் கல்யாணத்தை முடித்தார். பத்தொன்பது வயதில் வேறு சாதனை இல்லை.

போர் வந்தது. வேலை கேட்டுப் போனபோதெல்லாம் அவனை அடையாளம் தெரியாத அரசாங்கம், இப்போது தேடிப்பிடித்துக் கூப்பிட்டது. ஒரே ஒரு குண்டு மனிதரை அளந்து ஊருக்கே தைத்ததுபோல் ஒரு உடுப்பும் கொடுத்தது. அணிவகுப்புக்கு முந்தின நாள் அதோடு வீட்டுக்கு வந்தான்.

"என்னடா, உள்ளே நீ இருக்கியா?" என்றாள் அக்கா.

"தேடிப் பாருக்கா, ஏதாவது மூலையில இருப்பேன்."

"கழட்டு. தையக்காரி தம்பி இப்படிப் போனா என் மானம் கப்பலேறிடும்."

"வேணாம்க்கா. அங்க கண்ணுல படாம நிக்கிறவன்தான் பிழைப்பான்னு பழைய ஆளுங்க சொல்றாங்க."

"வாயை மூடிட்டுக் கையைத் தூக்கு."

தோளைப் பிடித்தாள், இடுப்பைச் சுருக்கினாள், காலரை நிமிர்த்தினாள். உடுப்பு அவன்மேல் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

மறுநாள் மைதானத்தில் தலை முளைத்த கோணிப்பைகள் வரிசையாக நின்றன. அதிகாரி கொட்டாவியோடு நடந்துவந்தார். ஒட்டடைக்குச்சியின் முன்னால் கொட்டாவி பாதியில் நின்றது.

"இவன்தான்யா சிப்பாய்!"

கோணிப்பைகளுக்கு அரிசிக் கிடங்குக் காவல் கிடைத்தது. சிப்பாய் அக்காவுக்குப் போன் பேசினான். "அதிகாரி முதுகுல தட்டிக்கொடுத்தாருக்கா! முதல் அணியில என்னை எடுத்துட்டாங்க."

"பாத்தியா, நான் சொன்னேன்ல! எங்கடா அனுப்புறாங்க?"

"எல்லைக்கு."

அக்காவின் கால் தையல் மிஷினின் மிதிமேல் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு மாதம் ஆகவில்லை, அதிகாரியே கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். ஆறுதலுக்குப் பெயர்போனவர். "கடைசிவரைக்கும் மிடுக்கா இருந்தாம்மா," என்றார். கிடங்குக்குப் போனவர்களோ உட்கார்ந்து தின்று ஒரு சுற்று பருத்து, அரசாங்கத்தின் அளவுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். லாரி டிரைவரின் மனைவி மகனின் உடுப்பை அக்காவிடம் கொண்டுவந்தாள். "உன் தம்பிக்குப் பண்ண மாதிரியே கச்சிதமா பிடிச்சுக் குடு."

அக்கா இருந்த தையலையும் பிரித்து இன்னும் நாலு விரல் அகலமாக்கிக் கொடுத்தாள்.

"ஐயய்யோ, தொளதொளன்னு தொங்குதே!"

"தொங்கட்டும். கண்ணுல படாம இருக்கட்டும்."

டிரைவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடுப்போடு அடுத்த தெருத் தையல்காரரிடம் நடந்தாள். அக்கா அளவு நாடா கழுத்தில் ஆட, தெருவில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். தொழில் பொறாமை என்று தெரு சிரித்தது. சாயங்காலம் அந்தப் பையன் புது உடுப்பில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவின் கடையைத் தாண்டிப் போனான். கச்சிதமாக இருந்தது.