நாற்பத்திரண்டு தொட்டித் தண்ணீர்

காலை ஐந்தரை மணி. மதுரை மாட்டுத்தாவணியில் விருதுநகர் பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். என் பையில் நான்கு பிளாஸ்டிக் பாட்டில்கள், ஆறு சொட்டுக்குழாய்கள், எனாமல் பூசிய ஒரு நீண்ட கரண்டி, ஒரு டார்ச், நனைத்துச் சுற்றுவதற்குப் பருத்தித் துணிகள். மீன் பிடிக்கப் போகிறாயா என்று விடுதியில் கேலி செய்தார்கள். போனது கொசு பிடிக்க.

கேலியை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக மயிலாடுதுறைக்குப் போனேன். போகிற அவசரத்தில், கூண்டிலிருக்கும் கொசுக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சை மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன். நான்காம் நாள் திரும்பி வந்து பார்த்தால் கூண்டின் அடியில் கறிவேப்பிலைப் பொடி கொட்டியது போலக் கிடந்தன. முட்டைத் தாள்களும் காய்ந்து போயிருந்தன. நான்கு வருட ஆராய்ச்சி அந்தக் கூண்டுக்குள்தான் இருந்தது. மாத முடிவுக்குள் அதே வம்சத்துக் கொசு வரவில்லையென்றால் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் அமைதியாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதே வம்சம் என்பதில்தான் விஷயம். மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் கொசு. ஆனால் அந்தக் கூட்டத்திலும் சில கொசுக்கள் தங்கள் வயிற்றுக்குள் புகுந்த மலேரியா ஒட்டுண்ணியைத் தாமே கொன்றுவிடும். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டிகளிலிருந்து நான்கு வருடங்களுக்கு முன் என் ஆய்வகத் தோழி ஷபானா எடுத்து வந்த கொசுக்களில் அந்தக் குணம் மிகுதியாக இருந்தது. அவற்றின் மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் கல்யாண விருந்து சாப்பிடப் போனேன்.

ஏழு மணிக்கு விருதுநகர். பேருந்து நிலைய வாசலில் ஷபானாவின் தந்தை ஸ்கூட்டரில் காத்திருந்தார். மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. அவர் சட்டையிலிருந்து வந்த நெடியில் எனக்கு இரண்டு தும்மல் வந்தது. ஷபானாவைப் போலவே நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லை அத்தா, வேன் போயிடும்."

"வேன் ஆமத்தூர் விலக்குல ஏழே முக்காலுக்குத்தான் வரும். இட்லி தின்னுட்டுப் போவோம். பட்டாசுக் கம்பெனி முதலாளிகிட்ட ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். மதுரைலேருந்து தொட்டித் தண்ணியில கொசுப் புழு இருக்கான்னு பாக்க ஒரு ஆபீசரம்மா வாறாகன்னு. நல்லபடியா கவனிக்கச் சொல்லியிருக்கேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆபீசரம்மா என்ற சொல்லை நான் அப்போதே பிடித்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். பெரியவரிடம் என்ன கேட்பது என்று இரண்டாவது இட்லியைப் பிட்டேன்.

ஏழே முக்கால். ஊர்ச் சாலை பிரியும் ஆமத்தூர் விலக்கில் கம்பெனி வேன் வந்து நின்றது. உள்ளே இருபது பெண்கள், எல்லோரும் பருத்திச் சேலை, மடியில் தூக்குவாளி. எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவர் பெயர் செல்வி. நாற்பது வயதிருக்கும், சரவெடி பின்னுகிறவர். விரல் இடுக்குகளில் கழுவியும் போகாத வெள்ளிப் பொடி மினுங்கியது.

"நீங்கதான் சூலக்கரைலேருந்து வாற மேடமா?"

சூலக்கரையில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் அதிகாரிகள் என்று பொருள்.

"இல்லைங்க. மதுரை. ஆய்வகம்."

"எங்கேருந்து வந்தா என்ன. நேத்து எங்களுக்குப் பாதி நாள் அதுதான் வேல. நாப்பத்திரெண்டு தொட்டியையும் எறச்சு, தேச்சுக் களுவி, லாரித் தண்ணி நெப்பி, பிளீச்சிங் பவுடரும் போட்டாச்சு. ஒத்தப் புழு கெடையாது. தைரியமா எழுதிக் குடுங்க."

வேன் திருத்தங்கல் தாண்டியது. வெளியே சாலையின் இரண்டு பக்கமும் கருவேல மரங்களும் நாட்காட்டிக் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகளும் ஓடின. திரும்பிப் போய்ப் பேராசிரியரிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். முதல் வரியே வரவில்லை.

எட்டரை மணி. சிவகாசிக்கு மேற்கே ஒன்பது கிலோமீட்டர். தொழிற்சாலை வாசலில் கைப்பேசியையும் டார்ச்சையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனாமல் கரண்டிக்குள் இருப்பது இரும்பு, உரசினால் பொறி வரும் என்று அதையும் வாங்கிக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சுவரில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். பத்துக்குப் பத்து அறைகள், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நின்றன. ஒவ்வொரு அறை வாசலிலும் தீப்பிடித்தால் அணைக்க ஒரு சிமெண்டுத் தொட்டி. அனாபிலிஸுக்கு இதைவிட நல்ல பிரசவ அறை கிடைக்காது.

போர்மேன் மாரியப்பன் ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிப் போனார். தரை தெரிந்தது. நீச்சல் குளம் மாதிரி வாசனை வந்தது.

"எப்டி மேடம், திருப்தியா?"

நான் புழு தேடித்தான் வந்தேன் என்பதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவருடைய தப்பு ஒன்றும் இல்லை. சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் எந்தக் கம்பெனியிலும் கழுவித்தான் வைப்பார்கள்.

"புழுவை என்ன செய்வீக?"

"வளர்ப்பேன்."

என் மூளையைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது.

பதினொன்றரை மணி வரை ஒன்றுவிடாமல் முகர்ந்து பார்த்தேன். நாற்பத்திரண்டும் ஒரே மாதிரி. பிறகு சாப்பாட்டுக் கொட்டகைக்கு வந்து முகம் கழுவினேன். அழுகை வந்தது, அதையும் சேர்த்துக் கழுவினேன். மக்கில் மிஞ்சிய தண்ணீரைப் பழக்க தோஷத்தில் வாசலில் வீசப் போனேன். தண்ணீர் குடிக்க வந்த செல்வி எட்டி என் கையைப் பிடித்தார்.

"அங்கன ஊத்தாதீக மேடம். பொறத்தால குழித் தொட்டியில ஊத்துங்க. கன்னுக்கு ஆகும்."

"கன்றுக்கா?"

"வேப்பங்கன்னு, புங்கங்கன்னு. லாரித் தண்ணி வாங்குற ஊர்ல யாராச்சும் தண்ணிய மண்ணுல வீசுவாகளா?"

நான் மக்கோடு அப்படியே நின்றேன். "நேத்து நாற்பத்திரண்டு தொட்டி இறைச்சீங்களே, அந்தத் தண்ணி?"

"அதுவும் அங்கனதான் கெடக்கு. வேற எங்க போகும்?"

ஓடினேன். தொழிற்சாலைக்குள் யாரும் ஓடக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததைக் கொட்டகைக்குப் பின்னால் போன பிறகுதான் நினைத்துக்கொண்டேன். இடுப்பளவு ஆழத்தில் ஒரு சிமெண்டுக் குழி. பிளீச்சிங் வாசனை இல்லை. அதைப் புதுத் தண்ணீரில்தானே போட்டார்கள். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மக்கில் மொண்டு வெயிலில் பிடித்தேன். நீர்மட்டத்தோடு ஒட்டி, படுக்கை வாட்டில், சின்னச் சின்னக் கோடுகளாக மிதந்தன. தலைகீழாகத் தொங்குவது சாதாரணக் கொசுவின் புழு. படுத்து மிதப்பது அனாபிலிஸ். ஒரு மக்கில் பதினேழு படுத்திருந்தன.

நாற்பத்திரண்டு தொட்டிகளிலும் குனிந்து குனிந்து நான் பொறுக்க வேண்டியதை, அவர்கள் எனக்காக ஒரே இடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய உதவியைத் தெரியாமல் செய்ததில்லை.

பன்னிரண்டரை மணி, சாப்பாட்டு நேரம். செல்வியும் நான்கு பெண்களும் சாப்பிட்டு முடித்துவிட்டுக் குழியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். படுத்திருப்பதை எடுங்கள், தொங்குவதை விடுங்கள் என்று ஒரு முறைதான் சொன்னேன். திரி கோக்கும் கைகளுக்குச் சொட்டுக்குழாய் ஒரு பொருட்டா? நான் ஒன்று எடுப்பதற்குள் செல்வி நான்கு எடுத்தார். இருநூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மாரியப்பனும் வந்து நின்றார். "இத வளத்து என்ன கண்டுபிடிப்பீக?"

"கொசு மலேரியா நோயாளியைக் கடிச்சா கிருமி அது வயித்துக்குள்ள போகும். இந்தக் கொசு ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. அது நேரா கிருமி மேல போய் ஒட்டி அடையாளம் வச்சிடும். அடையாளம் வச்ச கிருமியை உடம்பு கருப்பாப் பூசி மூடிடும். அதோட அது செத்துது. எல்லாக் கொசுவுக்கும் இந்தச் சாமர்த்தியம் இல்லை. இதுக்கு மட்டும் ஏன் இருக்குன்னு தெரிஞ்சா, மலேரியா பரப்ப முடியாத கொசுவை ஒருநாள் உண்டாக்கலாம்."

"நம்ம கேட்ல சோதிச்சு விடுறாப்புல அதுக்குள்ளயும் ஒரு வாட்ச்மேன்" என்றார் செல்வி, தலையைத் தூக்காமல். "போன வருசம் எனக்கு ரெண்டு மாசம் விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். சீசன் பூரா வேலைக்கு வரல. அந்த வாட்ச்மேன் அன்னைக்குத் தூங்கிட்டான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாட்டில்களை மூடியதும் மாரியப்பனிடம் கண்டிப்பாகவே சொன்னேன்: தொட்டிகளுக்கெல்லாம் வலை மூடி போட வேண்டும், குழித் தண்ணீரை ஐந்து நாளைக்குள் கன்றுக்கு ஊற்றித் தீர்த்துவிட வேண்டும். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வளக்கவும் சொல்றீக, ஒழிக்கவும் சொல்றீக."

"என் கூண்டுல வளரட்டும். இங்க ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் சொன்னபடி அவர் செய்தால் இந்த வம்சத்தை எடுக்க நான் இங்கே இன்னொரு முறை வர முடியாது. கையிலிருக்கும் நான்கு பாட்டில்கள்தான் மிச்சம்.

இரண்டு மணிக்குச் சிவகாசியில் பேருந்து ஏறினேன். மதுரைக்கு நேர்ப் பேருந்து, எழுபத்திரண்டு கிலோமீட்டர், எழுபது ரூபாய். ஈரத் துணி சுற்றிய பாட்டில்களை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் மீன் குஞ்சா என்று கேட்டார். கொசு என்றேன். கள்ளிக்குடி வருவதற்குள் அவர் முன் இருக்கைக்கு மாறிவிட்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். நாலே முக்காலுக்கு ஆய்வகத்தில் தட்டில் ஊற்றிப் பார்த்தபோது பதினொன்றுதான் செத்திருந்தன.

இருபத்து மூன்றாம் நாள் காலை. புழுக்கள் கூட்டுப்புழுவாகி, கொசுவாகி, மனிதருக்கு வராத எலி மலேரியா கலந்த ரத்தம் குடித்திருந்தன. முதல் கொசுவின் குடலைப் பிரித்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கடுகு தாளித்தது போலக் கருப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் மூடப்பட்டுச் செத்த ஒரு ஒட்டுண்ணி. ஷபானாவைக் கூப்பிட்ட சத்தத்தில் அடுத்த அறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். பேராசிரியர் பார்த்துவிட்டு, தலைப்பு இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

எங்கள் மயிலாடுதுறை வீட்டில் அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் கொல்லையில்தான் போகும். காவிரிக்காரர்கள் நாங்கள், வீசிய தண்ணீரைத் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அந்த நாற்பத்திரண்டு தொட்டிகளைக் கழுவியிருந்தால் என் நான்கு வருடமும் அப்போதே மண்ணுக்குள் போயிருக்கும். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊர்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

அன்று மதியமே தொழிற்சாலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மாரியப்பன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். வலை மூடி போட்டாயிற்று, குழியும் காலி என்று அவரும் சொன்னார். அவருக்கு இன்னமும் மனசு ஆறவில்லை போலிருக்கிறது.

"அன்னைக்குத் தெரியாமக் களுவிட்டோம் மேடம். அடுத்த தடவ வந்தா சொல்லாம வாங்க."

பின்னால் செல்வியின் குரல் கேட்டது.

"சொல்லிட்டே வரச் சொல்லுங்க அண்ணாச்சி. அவுக வாறாகன்னாத்தான் தொட்டி சுத்தமாகுது."