ஓட்டையில்லாத பிரட்

இரட்டைக் கட்டில் மெத்தை விற்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கடைவீதியில் ஆளில்லை. புதிதாகக் கல்யாணமான ஜோடி உள்ளே நுழைந்தால் போதும். "ரெண்டு பேரும் படுத்துப் பாருங்க. ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது, அதான் நல்ல மெத்தை" என்று ஆரம்பித்துவிடுவார். அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே படுப்பார்கள். எழுந்திருக்கும்போது பில் தயாராக இருக்கும். இப்படி ஊரையே இரண்டிரண்டு பேராகப் படுக்க வைத்தவர், வீட்டுக்குப் போனால் ஒற்றைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுப்பார். அவர் புரண்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கில் அதுவும் நல்ல மெத்தைதான்.

குடியிருப்பில் அவரை 'மெத்தை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது சும்மா மரியாதைக்கு. கூப்பிட்டால் அப்படிக் கூப்பிடுவார்கள்.

மாவைப் போட்டால் தானே பிசைந்து, பொங்கவைத்து, வேகவைத்தும் தரும் பிரட் மெஷின் ஒன்று அவருடைய அக்காவின் வீட்டிலிருந்து வந்தது. அக்கா ஆசையாக வாங்கி, ஒரு மாதம் ஓட்டி, வெறுத்துப்போனவள். "உங்க மாமாவுக்குக் கடையில வாங்கினாத்தான் பிரட்டாம். நான் செஞ்சா செங்கல்லாம். நீயாவது வெச்சுக்கோடா. கட்டிக்கோன்னு சொன்னதைத்தான் கேக்கல, வீட்ல கடமுடன்னு சத்தம் போட ஏதாவது ஒண்ணு இருக்கட்டும். இது எதிர்த்துப் பேசாது."

முதலில் செய்தது உண்மையிலேயே செங்கல்தான். இரண்டாவது பொங்கி மூடியில் ஒட்டிக்கொண்டு, சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. முதலில் தண்ணீர், அதன்மேல் மாவு, ஓர் ஓரமாக உப்பு, எதிர் ஓரத்தில் சின்னக் குழி செய்து ஈஸ்ட். இரண்டையும் ஆரம்பத்திலேயே சேரவிடக் கூடாது; சேர்ந்தால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். மெஷின் பிசைய ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்து மாவு உருண்டையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் மெத்தை சார் சொந்த ஊருக்கு வந்துவிட்டார். அழுத்தினால் உள்ளே போக வேண்டும், எடுத்தால் அவசரப்படாமல் மேலே வர வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. வாழ்நாள் முழுக்க அழுத்திப் பார்த்தே சம்பளம் வாங்கியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? இறுக்கமாக இருந்தால் ஒரு கரண்டி தண்ணீர், கொழகொழவென்றால் ஒரு கரண்டி மாவு. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரட் பிரமாதமாக வந்தது. பொன்னிறத்தில், குட்டித் தலையணை மாதிரி. அதை வெட்ட அவருக்கு மனசு வரவில்லை. முதலில் யாரிடமாவது காட்ட வேண்டும். வீட்டுக்குள் இப்படியும் அப்படியும் பார்த்தார். ஃபிரிட்ஜ்தான் இருந்தது. கடைசியில் முழு பிரட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தார்.

எதிர்வீட்டு அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் கணவர், இரண்டு பெண்கள், எப்போதும் பேச்சுச் சத்தம். "அட, நீங்களே செஞ்சதா!" என்று வாங்கிக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது. ஆயிற்று.

சாயங்காலம் இவர் வீட்டு மணி அடித்தது. அது அடிக்கும் என்பதையே மறந்திருந்ததால், மெஷின்தான் ஏதோ சொல்கிறது என்று நினைத்துச் சமையலறைக்கு ஓடினார். வாசலில் நர்ஸம்மா, கையில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. மாவு பிசையும் பிளேடு. பிரட் வேகும்போது அடியில் மாட்டிக்கொண்டு, அதோடு கூடவே போயிருக்கிறது. அதைத் தோண்டி எடுத்தால் பிரட்டில் ஓட்டை விழும்.

"ஏன் சார், எங்க டாக்டருக்குக் கிராக்கி பிடிச்சுத் தரேன்னு ஏதாவது பேசி வெச்சிருக்கீங்களா? எங்க வீட்டுக்காரர் பல்லு தப்பிச்சுது!"

"ஐயய்யோ, மன்னிச்சிடுங்கம்மா! கவனிக்கவே இல்ல."

"மத்தவங்கெல்லாம் வாயாலதான் பிளேடு போடுவாங்க. நீங்க பிரட்டுக்குள்ள வெச்சே கொடுத்துட்டீங்க!"

இருவரும் சிரித்தார்கள். அப்படியே வாசலில் நின்று ஈஸ்ட் பற்றி, முதுகுவலி பற்றி, எந்த மெத்தை நல்லது என்பது பற்றிப் பேச்சு ஓடியது. அவர் போனபின் மெத்தை சார் கதவை உடனே சாத்தவில்லை.

இங்கே அவருடைய தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடையில் மெத்தைக்கு இரண்டு தலையணை இலவசம். ஆனால் அன்றைக்கு ஒன்றுதான் தருவார். "இன்னொண்ணு ஸ்டாக் வரணும், அடுத்த வாரம் வந்து வாங்கிக்குங்க." ஸ்டாக் பின்னறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். தலையணைக்கு வருகிறவர் உறை வாங்காமல் போவதில்லை. திரும்பி வர ஒரு காரணம் கொடுத்தனுப்பினால் மனிதர்கள் திரும்பி வருவார்கள். காரணமில்லாமல் வருகிறவர்கள்மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொல்கிறவர்களை உட்காரக்கூடச் சொல்லமாட்டார்.

அடுத்த ஞாயிறும் பிளேடு பிரட்டோடு எதிர்வீட்டுக்குப் போயிற்று.

கடைசித் தடவை மாவு பொங்குவதற்கு முன் உருண்டையைத் தூக்கி, பிளேடைக் கழற்றிவிட்டு, மாவைத் திரும்ப வைத்துவிட்டால் போதும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. மெஷின்கூட அந்த நேரத்தில் பீப் அடித்து ஞாபகப்படுத்தும். பீப் அடிக்கும்போது மெத்தை சார் ஜன்னல் வழியாக எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

வியாபாரத்தை விரிவுபடுத்தவும் முயன்றார். மாடி வீட்டு ஆடிட்டருக்கு ஒரு பிரட் போயிற்று. பிளேடு மறுநாள் பாலித்தீன் கவரில், கதவுக் கைப்பிடியில் தொங்கியது. கீழ்வீட்டுத் தம்பதி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார்கள். "சார், ஏதோ ஸ்பேர் பார்ட்ஸாம்" என்றார் அவர். அதோடு கிளைகளை மூடிவிட்டு எதிர்வீட்டோடு நிறுத்திக்கொண்டார்.

நர்ஸம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் கையில் பிளேடோடு நேரில் வந்தார். "இந்தாங்க சார், உங்க வெடிகுண்டு" என்பார். பத்து நிமிஷப் பேச்சு. திங்கட்கிழமை கடையில் மெத்தை சார் இரண்டு தலையணையும் சேர்த்தே கொடுத்தார். முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம் ஒரு ஞாயிறு நர்ஸம்மா சின்னப் பொட்டலத்தோடு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பிரிச்சுப் பாருங்க சார்."

உள்ளே புத்தம்புது பிளேடுகள், இரண்டு.

"ஆன்லைன்ல தேடி வாங்கினேன். பாவம், ஒவ்வொரு வாரமும் மறந்துடறீங்க. இனிமே உள்ள மாட்டினாலும் கவலையில்ல, அடுத்த ஞாயிறு தட்டோட வாங்கிக்கலாம். உங்களுக்கும் டென்ஷன் இல்ல, எனக்கும் அலைச்சல் இல்ல."

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார் மெத்தை சார். இருபது வருஷமாகப் பேசியே மெத்தை விற்றவர், இரண்டு பிளேடையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிர்வீட்டிலிருந்து பெண்கள் கூப்பிட, நர்ஸம்மா போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பீப் அடித்ததும் உருண்டையைத் தூக்கி ஒழுங்காகப் பிளேடைக் கழற்றினார். அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல பிரட். அடியில், பிளேடு மாட்டும் கம்பி பட்ட ஒரு சின்னத் தழும்பு மட்டும். "அடடே, ஓட்டையே இல்லையே!" என்று நர்ஸம்மா வாங்கிக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் மணி அடிக்கவில்லை. காரணம் என்னவென்று அவருக்கே தெரியும். ஆனாலும் போய் ஸ்விட்சை அழுத்திப் பார்த்தார். மணி நன்றாகத்தான் வேலை செய்தது.

அதற்கடுத்த ஞாயிறு மெஷினை ஓட்டவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டார், பழைய சட்டையையே மறுபடி போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு மணியை அடித்தபிறகுதான் கையில் ஒன்றுமில்லை என்பது உறைத்தது. கைகளை முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், தொங்கவிட்டார்.

கதவு திறந்தது. நர்ஸம்மா முதலில் தட்டைத்தான் தேடினார்.

"என்ன சார், இன்னிக்கு பிரட் இல்லையா? மெஷின் கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல காரணம். கணவரை வந்து பார்க்கச் சொல்லலாம், காபிகூடக் கிடைக்கலாம். வாய்வரை வந்தது.

"இல்லம்மா. மெஷின் நல்லா இருக்கு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நர்ஸம்மா ஒரு விநாடி அவரைப் பார்த்தார். "பால் பொங்குது, இருங்க" என்று உள்ளே ஓடினார். கதவு திறந்தே இருந்தது.

உள்ளே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. தனக்காகத்தானா, வீட்டில் வேறு யாருக்காவதா என்று தெரியாமல், மெத்தை சார் வாசற்படிக்கு வெளியே, கைகளை எங்கே வைப்பதென்று புரியாமல், நின்றுகொண்டிருந்தார்.