சத்தமில்லாமல் ஓடிய சாண எரிவாயு இன்ஜின்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு விவசாயியின் கிணற்று ஆயில் இன்ஜினைச் சாண எரிவாயுவில் ஓட்டிச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். டீசல் கொஞ்சம், மீதியெல்லாம் கேஸ். ஒரு இன்ஜினீயர் வாரம் ஒருமுறை வந்து குறிப்பெடுத்துப் போவார். ரிப்பேர் வேலை என்னுடையது. நான் ஐந்தாவது வரை படித்த பம்ப்செட் மெக்கானிக்.

பத்து நாளில் இரண்டு முறை, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கருகி இன்ஜின் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால், ஓரத்தில் ஒரே இடத்தில் எலி கடித்ததுபோல் இருக்கும். காற்று உள்ளே வரும் வால்வோ புதுசுபோல் பளபளக்கும்.

"சாணி கேஸ்தான் அரிக்குது சார்" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

நெல் பால் பிடிக்கும் நேரம். இன்னும் ஒருமுறை நின்றால் பயிர் மொத்தமும் பதர்தான்.

மூன்றாவது வால்வைப் போட்டு ஓட்டியபோது, தொட்டியில் சாணம் கரைத்துக்கொண்டிருந்த அந்த விவசாயியின் மனைவி கேட்டார்: "மெக்கானிக்கு, எடுத்தவொடனே டிக் டிக்னு அடிச்சிக்கினு கீது. சோறு வடிக்கறதுக்குள்ள அந்த சத்தம் நின்னு பூடுதே, இன்னாத்துக்கு?"

எனக்குப் பெருமையாக இருந்தது. "சத்தம் அடங்கினாதான்க்கா நல்ல இன்ஜின்."

"மூச்சு அடங்கினாலுந்தான் சத்தம் வராது."

கிணற்றடியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த டிக் டிக், வால்வுத் தண்டுக்கும் அதைத் தட்டித் திறக்கும் இரும்புக் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியின் சத்தம். எங்கள் பக்கம் அந்த இடைவெளியைச் சவர பிளேடு செருகித்தான் அளப்போம். இன்ஜின் கடகடக்கக் கூடாது என்று, நான் ஒரே ஒரு பிளேடு கனத்துக்கு இறுக்கி வைப்பது வழக்கம்.

இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் பிளேடைச் செருகிப் பார்த்தேன். நுழையவே இல்லை. கேஸில் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு வழக்கத்தைவிட அதிகமாகச் சுடுகிறது. சூட்டில் தண்டு நீள்கிறது, இடைவெளி அடைபடுகிறது, வால்வு முழுசாக மூடுவதில்லை. மூடாத சந்தில் நெருப்பு சீறி ஓரத்தைத் தின்றிருக்கிறது.

ஆறவிட்டு, மூன்று பிளேடு கனம் வைத்தேன். அன்று முழுக்க டிக் டிக் ஓயவில்லை. "இன்னாப்பா, தையல் மிஷின் மாட்டிட்டியா?" என்று வரப்பில் போனவர்கள் கிண்டல் செய்தார்கள். அறுப்பு வரை அந்த வால்வு கருகவில்லை.

நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுபவன் நான். ஆனாலும் இன்ஜினீயர் வந்ததும், "தப்பு கேஸ் மேல இல்ல சார், எம்மேலதான்" என்று சொன்னேன். முன்பு எழுதியதை அவர் அடித்துவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். சாணக் கையோடு நின்ற அந்த அம்மாவைக் காட்டினேன்.

கைத்தொழில் தெரியும் என்ற மிதப்பில் அந்த அம்மாவின் கேள்வியை நானும் சிரித்துத் தள்ளியிருந்தால், சாணத்தின் மேல் பழியைப் போட்டு ஒரு குடும்பத்தின் வயலைக் காயவிட்டிருப்பேன் என்பது, இத்தனை வருடம் கழித்தும் என்னைக் கூச வைக்கிறது.