அப்பா அளந்த டிரெய்லர்

எங்கள் அப்பா அளந்தால் தப்பாது என்று மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸே சொல்லும். சொல்லாதவர்களிடம் அவரே சொல்லிக்கொள்வார். ரயில் பெட்டிப் பணிமனையில் இருபது வருஷம் அளந்த கை. அந்தக் கைதான் அத்தையின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. சிறுவயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவர். அவருக்குக் குஷாய்குடாவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேர வேண்டியிருந்தது. தினமும் தானாகவே வந்து போக முடியுமா என்று கேட்டதற்கு, முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பின்பக்கம் இரண்டு சக்கரம் வைத்து மாற்றிக் கட்டிய மோட்டார் சைக்கிளை நம்பித்தான் அந்தத் தைரியம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிக்கும் அத்தைக்கும் சேர்த்துப் பரீட்சை. தவறினால் ஒரு மாதம் கழித்துத்தான் அடுத்த தேதி. தேறும்வரை வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்பதால் டிரெய்லரில் ஏற்றிப் போக ஏற்பாடு.

ஹப்சிகுடாவில் வாடகைக்கு விடுபவரிடம் சின்னது ஒன்று, பெரியது ஒன்று இருந்தன. அப்பா வண்டியை அளந்துவிட்டு, சின்னதே போதும், பெரியதில் வண்டி ஆடும் என்று தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜீப்பின் பின்னால் சின்னது வந்தது. பலகையைச் சாய்த்து வண்டியை உருட்டினார்கள். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரங்கள் இரண்டும் டிரெய்லரின் பக்கத் தகடுகளில் முட்டி நின்றுவிட்டன. அப்பா டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். பழைய கணக்கேதான் வந்தது.

"எங்கேருந்து எது வரைக்கும்ண்ணா அளந்தே?" என்றார் அத்தை.

"உள்ளேருந்து உள்ளே. வேற எப்படி அளப்பாங்க?"

தண்டவாளத்தை அப்படித்தான் அளப்பார்களாம். இரண்டு டயர்களின் தடிமனும் கணக்கில் வராமல் போயிருந்தது. மொத்தத்தில் ஒரு சாண் குறைவு.

ஆனாலும் அப்பா விடவில்லை. தகடுகளின் மேல் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நிறுத்தலாம் என்று பிடிவாதம் பிடித்தார்.

"நக்கோ சாப், கிர் ஜாத்தா" என்றார் டிரெய்லர்காரர். வேண்டாம், விழுந்துவிடுமாம்.

அப்பா கேட்கவில்லை. நாலு பேர் தூக்கினார்கள். பலகை வழுக்கி, வண்டி அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்பா தோளைக் கொடுத்துத் தாங்கினார். நான் பயத்தில் அழுதேவிட்டேன்.

"இறக்கு" என்றார் அத்தை. அண்ணனிடம் அவர் அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. அப்பா இறக்கினார்.

போன் செய்து பெரியதை வரவழைத்தார்கள். அது வந்தபோது மணி பத்து இருபது. ஏற்றிக் கட்ட இன்னும் பத்து நிமிஷம். வழியில் எல்லா சிக்னலும் சிவப்பாகவே இருந்தது. அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார், அத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பதினொன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸ் கேட்டுக்குள் நுழைந்தோம். வண்டியும் தேறியது, அத்தையும் தேறினார்.

திரும்பும்போது அத்தை வண்டியில் முன்னால். காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு நாங்கள் ஜீப்பில் பின்னால். அத்தையை முந்திவிடாதே என்று அப்பா டிரைவரை நச்சரித்துக்கொண்டே வந்தார். மெட்டுகுடா திருப்பம் வந்தது. அத்தை திரும்பவில்லை. நேரே போய்விட்டார்.

"அப்பா, அத்தை வழி தப்பிட்டாங்க" என்று கத்தினேன். டிரைவர் துரத்துவதற்குத் தயாராக அப்பா முகத்தைப் பார்த்தார். அப்பா ஜீப்பை ஓரங்கட்டச் சொன்னார்.

"போகட்டும்" என்றார்.

மூன்று மணிக்குத்தான் அத்தை வீடு வந்து சேர்ந்தார். எங்கே போனீங்க என்று கேட்கப் போன என்னை அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வீட்டுத் திருப்பமே தெரியாதவர் திங்கட்கிழமை குஷாய்குடாவுக்கு எப்படிப் போய்ச் சேருவார் என்று அன்று ராத்திரி வரை கவலைப்பட்டேன். முப்பத்தொரு வயதில் முதல் முறையாக, யாரும் கூட்டிப் போகாமல், யாரிடமும் சொல்லாமல் அத்தை எங்கேயோ போய்வந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.