இருட்டக்காவின் ரேடியம் வாட்ச்

இருட்டைச் செய்வதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டு அறையில் இருட்டக்கா பார்த்த உத்தியோகம் அதுதான். வானத்தின் எந்த மூலையிலிருந்தோ கிளம்பிய துகள்கள் கூரையைத் துளைத்து, நம் தலையையும் துளைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் தரைக்குள் போய்விடுகின்றன. ஒரு தினுசான பிளாஸ்டிக் பலகைக்குள் அவை புகுந்தால் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படாத துளி வெளிச்சம் மினுக்கும். பலகையின் ஓரத்தில் உள்ள கருவி அதை எண்ணும். வெளி வெளிச்சம் ஊசிமுனை அளவு உள்ளே வந்தாலும் போச்சு, எண்ணிக்கை எகிறிவிடும். அதனால் ஒவ்வொரு பலகையையும் கறுப்புத் தாளில் சுற்றி, விளிம்பெல்லாம் கறுப்பு டேப் ஒட்டி மூடவேண்டும். அக்கா மூடினால் மூடியதுதான்.

மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷி. டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிக்கிற மாணவர்களை அறையைவிட்டே துரத்துவாள். "ஒரு போர்வை மடிக்கத் தெரியலை, பிரபஞ்சத்தைப் பிரிச்சு மேய வந்துட்டாங்க!" என்பாள். மதியம் யாராவது சாப்பிடாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் தன் டப்பாவில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிடுவதும் அவள்தான். திட்டிக்கொண்டேதான் தள்ளுவாள்.

மூடிய பலகையைச் சோதிப்பதும் அவள் வேலை. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை விளிம்போடு விளிம்பாக நகர்த்துவாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சி செய்யும் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எண்ணிக்கை ஏறினால் அந்த இடத்தில் ஓட்டை என்று அர்த்தம். அக்காவின் பலகையில் ஏறியதாகச் சரித்திரமே கிடையாது.

குளியலறையில் வழுக்கி அவளுக்கு வலது மணிக்கட்டு பிசகிய வாரத்தில் ஒரு பலகை ஒழுகியது, அதாவது சோதனையில் எண்ணிக்கை ஏறியது. டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினாள். அப்போதும் ஒழுகியது. அடுத்த பலகையும் ஒழுகியது. அதற்கடுத்ததும் ஒழுகவே, அக்கா யாரையும் திட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் மாணவர்கள் பயந்தார்கள்.

பேராசிரியர் நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் வலித்தது. "வயசாகுதில்லையாம்மா, கண்ணு முன்ன மாதிரி இருக்காது. இனிமே மூடின பலகையாவே வெளியில வாங்கிக்கலாம். நீங்க ஆபீஸ்ல வந்து உட்காருங்க." அக்கா டேப் சுருளைக் கீழே வைக்கவில்லை. கடைசியாக ஒரு பலகையை மட்டும் சோதித்துவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சோதனையின் நடுவில் டார்ச் அணைந்துபோனது.

"அக்கா, இன்னும் ஏறித்தான் இருக்கு. டார்ச்சைக் கொஞ்சம் அணைங்க" என்று அந்தப் பெண் குரல் கொடுத்தாள்.

"அது எப்பவோ அணைஞ்சு போச்சு. பேட்டரி தீர்ந்துடுச்சு, தட்டிக்கிட்டிருக்கேன்."

"வெளிச்சமே இல்லாம எப்படி ஒழுகும்? கொஞ்சம் தள்ளிப் போங்க... இறங்குது. கிட்ட வாங்க... ஏறுது! அக்கா, பலகை ஒழுகலை. நீங்கதான் ஒழுகுறீங்க!"

"வாயைக் கழுவுடி!"

பெண் உள்ளே ஓடிவந்து விளக்கைப் போட்டாள். வளையலைக் கழற்றச் சொன்னாள், சாவிக்கொத்தை வாங்கினாள், ஒவ்வொன்றாகப் பலகையருகே வைத்துவிட்டுப் போய்த் திரையைப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் இடது கையில் இருந்த பழைய வாட்சை வைத்ததும் எண்ணிக்கை எகிறியது.

"இது என்ன வாட்ச் அக்கா?"

"ரேடியம் வாட்ச். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் கட்டிவிட்டது. உங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பீத்திக்கிட்டேனே!"

சொல்லித்தான் இருந்தாள். கேட்ட அத்தனை பேரும் கதிர்வீச்சில் பட்டம் வாங்கியவர்கள். என்ன செய்வது, சைக்கிள் மட்கார்டில் ஒட்டுகிற பளபளப்புத் தாளையும் ரேடியம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள். அசல் ரேடியம் கண்முன்னால் கையசைத்தபோதும் ஸ்டிக்கர் என்றே நினைத்துவிட்டார்கள். இத்தனை வருடமும் டார்ச் வலது கையில், வாட்ச் கட்டிய கை இடுப்பில். மணிக்கட்டு பிசகியதும் டார்ச் இடது கைக்கு மாறியது; வாட்ச் பலகையை ஒட்டியே நகர, ரேடியத்தின் கதிர்கள் கறுப்புத் தாளைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயின. ஓட்டையைத் தேடப்போன கையே ஓட்டையாகிவிட்டது.

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் போய் உங்க கண்ணைக் குறை சொன்னேனே, மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். பலகைகள் அக்காவிடமே திரும்பின. வாட்ச் ஈயப் பெட்டிக்குள் போனது. கண்ணாடி உடையாதவரை பயமில்லையாம், ஆனாலும் இனிமேல் கையில் கட்டவே கூடாதாம்.

சாயங்காலம் அக்கா நேராகக் கணவரின் கடைக்குப் போனாள். அவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கேட்டு முடித்ததும் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத்தனை வருஷம் உன் கையில இதையா கட்டிவிட்டேன்?" வெறுமையான அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் வாங்கும்போதே அது எரியலை. பழசு. இருட்டுல மணி பார்க்கலாம்னு உன்கிட்ட புளுகினேன்."

"தெரியும். அன்னிக்கே இருட்டறையில பார்த்தேன்."

"அப்புறம் ஏன் மணி நல்லாத் தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தே?"

"நீங்க ஆசையா கட்டிவிட்டது எரியலைன்னு என் வாயால எப்படிங்க சொல்றது?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா வெளிச்சமா மினுக்குற பூச்சுதான் செத்துப்போச்சாம். உள்ள இருக்கிற ரேடியம் நாம போனதுக்கப்புறமும் ஆயிரம் வருஷத்துக்கு மேல எரியுமாம். இன்னிக்கு நானே திரையில பார்த்தேன்."

அவர் அவள் கையை விடவில்லை. கடைக்கு வந்த ஒருவர் இரண்டு தடவை கனைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்துகொள்ளலாம் என்று போய்விட்டார்.