கத்திரி அக்காவின் அளவுச் சட்டை

என் நாத்தனாருக்கு ஒரு தொட்டிச் செடியை வளர்க்கத் துப்பில்லை. எங்கள் தையல் கடை ஜன்னலில் அவர் வைத்த செடிகள் எல்லாமே மாதம் திரும்புவதற்குள் கருகிப் போயின. அப்படிப்பட்டவர் ஒரு நாள் மதியம், ஒரு கவுனுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டே, "ஏழு ஏக்கர் நிலம் வாங்கிட்டேன். வீடும் சேர்ந்துதான். அடுத்த மாசம் போயிடுவேன்" என்றார். நான் பொத்தானைக் கீழே விட்டுவிட்டேன்.

"யாரு போறது?"

"நான்தான். வேற யாரு?"

"அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?"

"காது வலிக்காம இருக்கப் போறேன்."

காது வலிப்பது உண்மைதான். கடைக்குக் கீழே அச்சகம், எதிரே பஸ் நிறுத்தம், மேல்மாடியில் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்று தெருவையே பழிவாங்கும் ஒருவன். அவரோ, கணவரை இழந்து, பிள்ளை குட்டியும் இல்லாத மனுஷி. இந்தச் சத்தத்தை இன்னும் எத்தனை காலம் சகித்துக்கொள்வார்? இருந்தாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைத்தவர்கள் நாங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வாடிக்கையாளர்கள் அவரைக் கத்திரி அக்கா என்பார்கள். கையிலும் கத்திரி, வாயிலும் கத்திரி. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. "என் தோள் மேல பென்சில் வச்சா உருளாது" என்று பீற்றிக்கொள்வார். நான் ஒருநாள் வைத்தே பார்த்தேன், உருளவில்லை.

எங்கள் கடையில் டேப் பிடிப்பது குறைவு. வருகிறவர்கள் தங்களுக்குப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்குப் பெயர் அளவுச் சட்டை. அதை மேசையில் விரித்து, அதன்படி அக்கா புதுத் துணியை வெட்டுவார். "டேப் பிடிச்சா வயித்தை எக்கிக்கிட்டு நிப்பாங்க. சட்டைக்கு எக்கத் தெரியாது" என்பார். போட்டுப் பழகிய சட்டையைப் பார்த்தே போட்டவர் எப்படி நடப்பார், எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்று சொல்லிவிடுவார்.

குடி போன அன்று என் கணவர்தான் தன் டெம்போவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். அக்காவின் தம்பி அவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கடைசி வீடு கண்ணை விட்டு மறைந்த பிறகும் வெகுதூரம் போனோம். வண்டியை நிறுத்தியதும் என் காதே அடைத்துக்கொண்டது. சத்தம் என்ற ஒன்று அந்த இடத்தில் இல்லை. நிலத்தில் மரங்கள் இருந்தன, ஒரு பறவைகூட உட்கார்ந்திருக்கவில்லை.

தரகர் சாவியோடு காத்திருந்தார். தண்ணீருக்கு வீட்டிலிருந்து சரிவில் இறங்கிப் போக வேண்டும், அங்கே ஓர் அடிபம்பு. மோட்டார் வைத்துப் பார்த்தார்களாம், கையால் அடித்தால்தான் வருகிறதாம். பாதை ஓராள் அகலம். ஏறி வரும்போது இடப்பக்கம் மண்மேடு உடம்பை உரசும், அதனால் வாளியை வலது கையில்தான் தூக்க முடியும்.

"முன்னாடி யாரு இருந்தா?" என்று கேட்டேன்.

"ஒரு அம்மா, தனியா. சொந்தக்காரங்கதான் வித்தது."

"அவங்க இப்ப எங்க?"

தரகர் சாவியை என் கணவரிடம் கொடுத்தார். "அவங்க கிளம்பிப் போனதை யாரும் பார்க்கலைங்க. வந்து பார்த்தப்ப இல்ல, அவ்வளவுதான்."

படுக்கையறையில் ஒரு மர அலமாரி. திறந்தால் கம்பி நிறையச் சட்டைகள். எல்லாம் ஒரே சாம்பல் நிற முரட்டுத் துணி, எல்லாம் கைத்தையல். அக்காவுக்குக் கை பரபரத்துவிட்டது. ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தார். "வலது தோள் இறங்கியிருக்கு பாரு. வாளி தூக்கினவ." அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். இடது கோடியில் இருந்த சட்டை அக்காவே போடலாம், அவ்வளவு பெரியது. அங்கிருந்து வலது பக்கம் போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் சின்னது. வலது கோடியில் தொங்கியது பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற அளவு.

"பொண்ணு இருந்திருக்கும்" என்றேன்.

"மார்புக்குப் பிடிப்பு வச்சுத் தச்சிருக்கா. இது பெரிய மனுஷி சட்டை. எல்லாம் ஒரே ஆளோடது." அதை மறுபடி மாட்டினார். "குறைஞ்சுக்கிட்டே போயிருக்கா."

எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி தொங்கியது, என் இடுப்பு உயரத்தில். அதற்கு மேலே பழைய ஆணிக் குழிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. இதையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று மன்றாடினேன். "நல்ல துணி, வயல் வேலைக்கு ஆகும். போடி" என்றார் அக்கா. கண்ணாடியைத் தன் உயரத்துக்கு மாட்டச் சொன்னார். என் கணவர் மேல்குழியில் ஆணி அடித்தார்.

அதற்குப் பிறகு போனில் அவர் குரல் கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவரைச் செடி முளைக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார். மழைக்காலம் முடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். வாசலில் நின்றவரை யாரோ கூலிக்கு வந்த அம்மா என்று நினைத்து, "அக்கா உள்ள இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பென்சில் வைத்தால் உருளாத அந்தத் தோள் இறங்கிக் கிடந்தது.

உடம்பில் இருந்தது புதுத் துணி, அவர் தையல்.

"எந்த அளவுக்கு வெட்டினீங்க?"

"என் பழசெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. கம்பியில இருந்த நாலாவதை அளவுச் சட்டையா வச்சு வெட்டினேன். கச்சிதமா இருக்கு பாரு."

"ஊர் பேர் தெரியாதவளோட சட்டையை வச்சா உங்க உடம்புக்கு வெட்டுவீங்க? டேப் எங்க?"

"டேப்பு எதுக்குடி? அதே பாதை, அதே வாளி, அதே கை. இங்க யாரு வந்து இருந்தாலும் இந்த அளவுக்குத்தான் வருவாங்க."

பேய், பிசாசு என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் திட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். "அக்காவுக்குப் பிடிச்சிருந்தா இருக்கட்டும்" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம். அடுத்த முறை போனபோது அக்கா பரணில் இருந்த டப்பாவை எடுக்க முக்காலி போட்டு ஏறினார். கை நீட்டினால் எட்டுகிற பரண் அது. கண்ணாடி கீழே இறங்கியிருந்தது. பக்கத்து ஊர் டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாராம். என்னோடு வந்துவிடுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"அங்க எனக்கு இனிமே எதுவும் பொருந்தாது" என்றார். கோபமில்லை, வருத்தமில்லை. அப்படிச் சாந்தமான முகத்தை நான் கடையில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் அலமாரியைத் திறந்து கம்பியில் இருந்தவற்றை எல்லாம் வாரிச் சாக்கில் திணித்தேன். அவர் தடுக்கவில்லை. கடைக்குக் கொண்டுவந்து, அவருடைய கத்திரியாலேயே, அவருடைய மேசையிலேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். கை கொப்பளித்துவிட்டது. அளவுச் சட்டை இல்லாவிட்டால் அளவும் இல்லை என்று நினைத்தேன். தையல்காரிக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுபடி போனபோது வாசலில் யாரும் இல்லை. உள்ளே, ஜன்னலோரம், நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து அக்கா தைத்துக்கொண்டிருந்தார். அலமாரி திறந்திருந்தது. கம்பி நிறையச் சட்டைகள், சாம்பல் நிறம், இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே போயின.

"எதுக்குக்கா இத்தனையும்?"

"அப்புறம் கத்திரி பிடிக்க கை பத்தாது. பெருசா இருக்கும்போதே தச்சு வச்சுக்கணும். அவளும் அப்படித்தான் செஞ்சிருக்கா, இப்பதான் எனக்கு விளங்குது."

"கடைசிச் சட்டையும் பெருசா ஆயிட்டா?"

"அப்புறம் சட்டை எதுக்கு?" என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

நான் அழுதேன். அவர் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி வந்து என் முழங்கையைத் தடவிக் கொடுத்தார். அவர் கை எட்டிய உயரம் அதுதான். பிறகு, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று வாளியை எடுத்தார். வாளி தரையில் உரசியது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, பிடுங்கிக்கொண்டேன். சரிவில் இறங்கி, அடித்து, நிரப்பி, வலது கையில் தூக்கிக்கொண்டு ஏறினேன். அந்த மேட்டில் ஏறும்போதுதான் முன்பு இருந்த அந்த அம்மாவை நினைத்தேன். வாளியைப் பிடுங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு ஆள் இருந்திருக்காது.

அன்று நான் பஸ் ஏறவில்லை. அடுத்த வாரமும் ஏறவில்லை. கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுக்கச் சொல்லிக் கணவருக்குப் போன் செய்தேன். "சரி" என்றார், வேறென்ன சொல்வார். தண்ணீர் முழுக்க என் பொறுப்பு ஆனது. அக்கா அன்றைக்கு எந்தச் சட்டையில் இருந்தாரோ அதே சட்டையில் நின்றுவிட்டார். அதற்கு அடுத்தது கம்பியில் அப்படியே தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்த்துவிடுவேன். அது தொங்குகிற வரைக்கும் அவர் எனக்கு உண்டு.

எனக்கு இங்கே நன்றாகத் தூக்கம் வருகிறது. டிரம்ஸ் சத்தம் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. நான் கொண்டுவந்த துணிகள் தொளதொளவென்று ஆனபோது அக்கா தனக்குப் பெரிதாகிப்போன இடது கோடிச் சட்டையை எடுத்து என் கட்டிலில் வைத்தார். பொருந்தியது. பிறகு அதற்கு அடுத்தது பொருந்தியது. ஊருக்குப் போய்விடலாம்தான், யார் தடுக்கிறார்கள்? நான் போனால் வாளியை அவர் எடுப்பார்.

நேற்று என் கணவர் வந்தார். டெம்போவை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் தலை இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என் கையில் இருந்த வாளியை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். வேண்டாம், திரும்பி வாங்க என்று தொண்டை வரைக்கும் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வலது தோள் லேசாக இருந்தது. நான் கூப்பிடவில்லை.